இல்லத்திலிருந்து வளர்ப்பு வீட்டுக்கு: முதல் நாட்களில் செய்ய வேண்டியவை

பெற்றோரிடம் இருக்க முடியாத குழந்தைக்குக் குழந்தைகள் இல்லமா, வளர்ப்புக் குடும்பமா என்று கேட்டால் முதலில் குழந்தையின் வயதைக் கேட்பேன். மூன்று வயதுக்குள் என்றால் குடும்பம்தான், 2009-இல் ஐ.நா. ஏற்ற வழிகாட்டு நெறிகளும் அதைத்தான் சொல்கின்றன. ருமேனியாவில் இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வில், இரண்டு வயதுக்குள் வளர்ப்பு வீட்டுக்குப் போனவர்கள்தான் நன்றாகத் தேறினார்கள். பதினாறு வயதுப் பிள்ளை சிறிய குழு இல்லமே போதும் என்றால், வற்புறுத்தாதீர்கள். அண்ணன் தங்கையைப் பிரிக்கவே கூடாது.

அழைத்து வருமுன், இல்லத்தில் தினமும் பார்த்துக்கொண்டவரிடம் பேசுங்கள். எப்படித் தூங்கும், எதற்குப் பயப்படும்? அது கட்டிப்பிடித்துத் தூங்கும் துணியையும் கேட்டு வாங்குங்கள். துவைத்துவிடாதீர்கள், பழகிய வாசனை போய்விடும்; நான் துவைத்துவிட்டு இரண்டு ராத்திரி தூங்காமல் கிடந்தேன்.

வந்ததும் ஊரைக் கூட்டி விருந்து வைக்காதீர்கள். சாப்பாட்டை ஒளித்து வைத்தாலும் திட்டாதீர்கள். என்னிடம் வந்த ஐந்து வயதுக்காரி தலையணைக்கடியில் பிஸ்கட் ஒளித்து வைத்திருந்தாள், எறும்பு மொய்த்துத்தான் தெரிந்தது. நான் திட்டவில்லை. மூடி போட்ட டப்பா ஒன்றைக் கொடுத்து, "இது உன்னுடையது, தீர்ந்தால் நிரப்பித் தருகிறேன்" என்றேன். தினமும் திறந்து எண்ணுவாள். நான்காவது மாதம் எண்ணுவதை நிறுத்தினாள்.

"அம்மா" என்று கூப்பிடச் சொல்லாதீர்கள். அவளுக்கு நான் இன்னும் அத்தைதான்.