ஒரே ஆல்பத்தின் பல அச்சுகளைச் சேர்ப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பம் 1973 மார்ச்சில் வெளிவந்தது. கறுப்புப் பின்னணியில் ஒரு முப்பட்டகம், ஒருபக்கம் உள்ளே போகும் வெள்ளைக் கோடு, மறுபக்கம் பிரிந்து வரும் ஆறு நிறங்கள். ராக் இசை கேட்காதவர்களுக்குக்கூட இந்த உறையைத் தெரியும். ஆனால் இதே உறைக்குள் எத்தனை விதமான வினைல் இசைத்தட்டுகள் வந்திருக்கின்றன என்பது சேகரிப்பில் இறங்கிய பிறகுதான் புரியும். பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி, ஜப்பான் என்று நாட்டுக்கு நாடு தனி அச்சு. ஒவ்வொரு நாட்டிலும் தட்டின் நடுவில் ஒட்டிய லேபிள் மாறியபோதெல்லாம் இன்னொரு அச்சு. நான்கு ஒலிபெருக்கிகளுக்கான நாற்சேனல் ஒலிக்கலவை, படம் பதித்த தட்டு, ஒலித்தரம் தேடுபவர்களுக்கான ஆடியோஃபைல் பதிப்பு, அப்புறம் ஆண்டுவிழா மறுவெளியீடுகள். எல்லாம் சேர்ந்து நூற்றுக்கணக்கில் போகும்.

சேகரிக்க ஆரம்பிப்பவர்கள் சறுக்குவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்தான். உறையைப் பார்த்துவிட்டுத் தட்டைப் பற்றி முடிவு செய்துவிடுகிறார்கள். உறைக்கு ஒரு வரலாறு, தட்டுக்கு ஒரு வரலாறு. இரண்டும் ஒரே ஆண்டைச் சேர்ந்தவையா என்பதைத் தனித்தனியாகத்தான் சரிபார்க்க வேண்டும்.

முதலில் ஆண்டு விஷயம். லேபிளிலோ உறையின் பின்பக்கத்திலோ 1973 என்று இருந்தால் அந்தத் தட்டு 1973-இல் அச்சானது என்று அர்த்தமில்லை. அது ஒலிப்பதிவின் உரிமை ஆண்டு. பத்து வருடம் கழித்து அச்சடித்த பிரதியிலும் அதே ஆண்டுதான் இருக்கும். பட்டியல் எண்ணும் அப்படித்தான். பிரிட்டனில் ஹார்வெஸ்ட் நிறுவனம் இந்த ஆல்பத்துக்குக் கொடுத்த எஸ்ஹெச்விஎல் 804 என்ற எண் பல வருடம் மாறாமலே இருந்தது. அதனால் எண்ணையும் ஆண்டையும் மட்டும் சொல்லி "முதல் அச்சு" என்று விற்பவரிடம் வாங்கக் கூடாது.

அப்படியென்றால் எதைப் பார்ப்பது? லேபிளிலிருந்து தொடங்கலாம். பிரிட்டனின் முதல் அச்சில் லேபிளில் உள்ள முக்கோணம் முழுக்க வெளிர்நீலம் நிரப்பியது. பிறகு வந்தவற்றில் முக்கோணத்தின் வெளிக்கோடு மட்டும்தான் இருக்கும். லேபிளின் ஓரத்தைச் சுற்றி ஓடும் பொடி எழுத்துகளையும் படியுங்கள். ஆரம்ப அச்சுகளில் அது ஹார்வெஸ்டின் தாய் நிறுவனமான தி கிராமஃபோன் கம்பெனியின் பெயரில் தொடங்கும். 1973-இன் நடுவில் அந்தப் பெயர் இஎம்ஐ ரெக்கார்ட்ஸ் என்று மாறியது.

அடுத்து ரன்-அவுட். கடைசிப் பாட்டு முடிந்ததும் லேபிளைச் சுற்றித் தெரியும் வெற்று வளையம் அது. தட்டின் உண்மையான ஜாதகம் இங்கேதான் பொறித்திருக்கிறது, ஆனால் பலர் இதைத் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. தட்டை விளக்குக்குக் கீழே சாய்த்துப் பிடித்து, லேபிளை ஒரு கடிகார முகமாக நினைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் இஎம்ஐ அச்சடித்தவற்றில் ஆறு மணி இடத்தில் மேட்ரிக்ஸ் எண் இருக்கும். அதன் கடைசி இலக்கம், தட்டு எந்த லாக்கர் வெட்டிலிருந்து, அதாவது ஒலியை முதன்முதலில் பள்ளமாக வெட்டிய எந்த மூலத்தட்டிலிருந்து, பிறந்தது என்று சொல்லும். ஒன்பது மணி இடத்தில் உள்ள எண், ஸ்டாம்பர்களை உருவாக்கப் பயன்படும் 'மதர்' என்ற உலோகத் தாய்த்தட்டின் எண். மூன்று மணி இடத்தில் ஓரிரு எழுத்துகள் இருக்கும், அவை ஸ்டாம்பரின், அதாவது வினைலை அழுத்தித் தட்டாக்கும் உலோக வார்ப்பின் எண். கிராமஃபோன் நிறுவனத்தின் பெயரிலிருந்து எடுத்த பத்து எழுத்துகளை இலக்கங்களாக வைத்துக்கொண்டார்கள்: ஜி என்றால் 1, ஆர் என்றால் 2, ஏ என்றால் 3, எம் என்றால் 4, இப்படியே போகும். ஆக, 'ஆர்ஏ' என்று கண்டால் அது 23-ஆவது ஸ்டாம்பர். சில நூறு தட்டுகள் அடித்ததும் ஸ்டாம்பர் தேய ஆரம்பிக்கும் என்பதால் இந்த எழுத்துகளுக்கு மதிப்பு அதிகம். இதை ஒருமுறை படிக்கப் பழகிவிட்டால் விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பியிருக்க வேண்டியதில்லை.

இங்கேயே இன்னொரு தவறு காத்திருக்கிறது. மேட்ரிக்ஸ் எண் 1 என்று முடியும் பிரதிதான் உண்மையான முதல் அச்சு என்று சிலர் தேடிக்கொண்டே இருப்பார்கள். இந்த ஆல்பத்தின் பிரிட்டன் முதல் அச்சு ஒரு பக்கம் ஏ-2, மறுபக்கம் பி-2 என்றுதான் முடிகிறது. ஒரு லாக்கர் வெட்டு சரியாக வரவில்லை என்று ஒலிப்பதிவுக்கூடம் ஒதுக்கிவிடுவது சாதாரணமாக நடப்பதுதான். ஒவ்வொரு ஆல்பத்துக்கும் எந்த எண்ணிலிருந்து கடைக்கு வந்தது என்று தெரிந்துகொண்டு தேடுவதே சரி.

"முதல் அச்சுதான் எப்போதும் நன்றாக ஒலிக்கும்" என்பதும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாத ஒன்று. பல சமயம் உண்மைதான், ஆனால் ஒலியைத் தீர்மானிப்பது லாக்கரை வெட்டியவரின் கை. லெட் செப்பலினின் இரண்டாவது ஆல்பம் இதற்கு நல்ல உதாரணம். 1969-இல் ராபர்ட் லுட்விக் அமெரிக்காவில் வெட்டிய அச்சில் தாழ்சுருதி (பேஸ்) அவ்வளவு பலமாக இருந்தது. மலிவான கருவிகளில் ஊசி குதிக்கிறது என்று புகார் வந்ததும் ஒலியைக் குறைத்து மறுபடி வெட்டினார்கள். இன்று சேகரிப்பவர்கள் ரன்-அவுட்டில் 'ஆர்எல்' என்ற அவருடைய முதலெழுத்துகளைத் தேடுகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு பிரதிகளும் ஒன்றுபோலவே இருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் அந்த எழுத்துகள் உள்ள பிரதிகளும் உண்டு, அதனால் இரண்டு பக்கங்களின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். அதேபோல 'டார்க் சைட்' ஆல்பத்தின் நாற்சேனல் பதிப்பை மறுவெளியீடு என்று தள்ளிவிடாதீர்கள். அது ஒலிப்பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் செய்த தனி ஒலிக்கலவை, கேட்டாலே வேறுபாடு தெரியும். 1979-இல் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனம் வெளியிட்ட அரைவேக வெட்டும், அதாவது பாதி வேகத்தில் ஓட்டி வெட்டிய பதிப்பும், தனி ரகம்.

உறையும் தட்டும் வேறு வேறு பிரதிகளிலிருந்து வந்து ஜோடி சேர்வது இந்தச் சந்தையில் சர்வசாதாரணம். கிழியாத முதல் உறைக்குள் பிந்தைய தட்டு, அல்லது நல்ல முதல் தட்டுக்கு எண்பதுகளின் உறை. 'டார்க் சைட்' உறையோடு இரண்டு போஸ்டர்களும் இரண்டு ஸ்டிக்கர்களும் வந்தன. பிந்தைய மறுவெளியீடுகளிலும் போஸ்டர்கள் வந்ததால் அவற்றை எடுத்துப் பழைய உறையில் செருகி 'முழுமையான பிரதி' என்று விற்பதும் நடக்கிறது. பழைய போஸ்டரின் காகிதம், மடிப்பில் இருக்கும் தேய்மானம், உறையின் பழுப்பு இவையெல்லாம் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். பாகங்களைச் சேர்த்து ஒரு பிரதியை முழுமையாக்குவது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் விற்பதுதான் ஏமாற்று. நீங்களே அப்படிச் சேர்த்திருந்தால் உங்கள் பட்டியலில் குறித்து வையுங்கள், உங்களுக்குப் பிறகு அதை வைத்திருக்கப் போகிறவருக்கு அது தெரிந்தாக வேண்டும்.

பிளாஸ்டிக் உறை பிரிக்காத பிரதி மேல் ஆசை வருவது இயல்பு. ஆனால் பிரிக்காத பிரதியின் ரன்-அவுட்டை யாரும் படிக்க முடியாது. மறுபடி பிளாஸ்டிக் சுற்றித் தரும் கருவி வாங்குவதும் கஷ்டமில்லை. முதல் அச்சுக்கான விலையைக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் பிரித்த, படித்துப் பார்க்கக்கூடிய பிரதியையே நான் பரிந்துரைப்பேன்.

தரக்குறியீட்டிலும் ஏமாறலாம். அமெரிக்கர்கள் பெரும்பாலும் கோல்ட்மைன் இதழின் அளவுகோலையும் பிரிட்டனில் உள்ளவர்கள் ரெக்கார்ட் கலெக்டர் இதழின் அளவுகோலையும் பின்பற்றுகிறார்கள். ஒன்றில் 'நியர் மின்ட்', 'வெரி குட் பிளஸ்' என்று போகும், மற்றதில் 'எக்ஸலன்ட்' வரும். விற்பவர் எதைப் பின்பற்றுகிறார் என்று கேட்காமல் இரண்டையும் ஒப்பிடக் கூடாது. 'குட்' என்றால் நல்ல நிலை என்று நினைத்து வாங்காதீர்கள், இரைச்சலோடு ஒருவாறு ஓடும் என்பதுதான் அதன் பொருள். கண்ணால் பார்த்துக் கொடுத்த தரமா, ஓட்டிக் கேட்டுக் கொடுத்த தரமா என்பதையும் கேட்க வேண்டும்.

உறை வேறுபாடுகளைச் சேர்ப்பவர்களுக்கு வேறு மாதிரி ஆபத்துகள். லெட் செப்பலினின் 'இன் த்ரூ தி அவுட் டோர்' 1979-இல் ஆறு வெவ்வேறு உறைகளோடு வந்தது. எது உள்ளே இருக்கிறது என்று தெரியாதபடி பழுப்புக் காகிதப் பையில் போட்டு விற்றார்கள். உறையின் முதுகில் ஏ முதல் எஃப் வரை ஓர் எழுத்து இருக்கும், அதைப் பார்க்காமலே ஒரே உறையை இரண்டு முறை வாங்கிவிடுபவர்கள் உண்டு. உள்ளுறையின் கறுப்பு வெள்ளைப் படத்தில் தண்ணீர் பட்டால் நிறம் வரும். ஆசைக்கு ஒருமுறை நனைத்துப் பார்த்தால் அந்தப் பிரதி அப்படியேதான், பழைய நிலைக்குத் திரும்பாது.

பீட்டில்ஸின் 'எஸ்டர்டே அண்ட் டுடே' கதை இதைவிட வருத்தமானது. 1966-இல் கேபிடல் நிறுவனம் முதலில் அச்சிட்ட உறைப் படத்துக்கு எதிர்ப்பு வந்ததால் பிரதிகளைத் திரும்பப் பெற்று, பலவற்றின் மேல் புதுப் படத்தை ஒட்டி மறுபடி கடைக்கு அனுப்பியது. ஒட்டுப்படத்தின் வலப்பக்க வெள்ளைப் பரப்பில், உள்ளே இருக்கும் பழைய படத்திலிருந்து ரிங்கோவின் கறுப்புச் சட்டை ஒரு சிறு முக்கோண நிழலாகத் தெரியும். அதைக் கண்டதும் ஆர்வத்தில் பலர் நீராவி காட்டி உரித்துவிட்டார்கள். காகிதம் கிழிந்து, பசை அப்பி, இரண்டு படமும் பாழானதுதான் மிச்சம். உரிக்காத பிரதிக்கும் தனி மதிப்பு உண்டு, ஒட்டி அனுப்பிய அந்த வாரங்களின் சாட்சி அது. உங்களிடம் அப்படி ஒன்று இருந்தால் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

நாட்டு வேறுபாடு என்றால் உறை மட்டும்தான் மாறும் என்று எண்ணுவதும் தவறு. ரோலிங் ஸ்டோன்ஸின் 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' 1971-இல் நிஜ ஜிப் வைத்த உறையோடு வந்தது. ஸ்பெயினில் தணிக்கையால் அந்த உறைக்குப் பதிலாகத் தகர டப்பாவிலிருந்து விரல்கள் நீளும் படம் வந்தது. கூடவே ஒரு பாட்டையும் எடுத்துவிட்டு வேறொரு மேடைப் பதிவைச் சேர்த்தார்கள். அட்டைக்காக வாங்குபவர் பாட்டுப் பட்டியலையும் படித்துப் பார்க்க வேண்டும்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை சுருக்கமாகச் சொல்கிறேன். தட்டுகளை நெட்டாக நிறுத்தி வையுங்கள், படுக்கவைத்து அடுக்காதீர்கள். பிவிசி வெளியுறைகள் நாளடைவில் தட்டின் மேல் பனிபோல் படிந்துவிடும், பாலிப்ரொப்பிலீன் உறைகளே நல்லது. தட்டை உறைக்குள் விடாமல் தனி உள்ளுறையில் போட்டு உறைக்குப் பின்னால் வைத்தால் ஓரங்கள் கிழியாது. 'ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்' இருந்தால் ஜிப்பைப் பாதிவரை கீழே இறக்கி வையுங்கள். ஏற்றிய நிலையில் அது அடுத்த தட்டின் பாட்டுப் பள்ளங்களை அழுத்தும், இறக்கினால் லேபிள் பகுதியோடு போய்விடும்.