பவளத்திட்டில் ஒரு ராத்திரி: படகில் தங்கி முக்குளிக்கப் போகிறவர்களுக்கு

காலையில் போய் மாலையில் திரும்பும் படகு இருக்கும்போது எதற்கு ஒரு ராத்திரி முழுக்கக் கடலில் கிடக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. பகல் படகுகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு பவளத்திட்டில் நடப்பது வேறு கதை. பகல் மீன்கள் ஒவ்வொன்றாகப் பொந்துக்குள் ஒதுங்க, அதுவரை பொந்தில் கிடந்த, பாம்பு போன்ற அஞ்சாலை மீனும் எட்டுக்கைப் பேய்க்கணவாயும் சிங்கிறாலும் வெளியே வரும். பகலில் கல் மாதிரி கிடந்த பவளம் குட்டிக் குட்டிக் கைகளை நீட்டி, மிதந்து வருவதைப் பிடித்துத் தின்னும். அப்போதுதான் அது உயிருள்ள பிராணி என்பதே நமக்கு உறைக்கும். சில கிளிமீன்கள் சளி மாதிரி ஒன்றைச் சுரந்து, கொசுவலை கட்டுவது போல உடம்பைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அதற்குள் தூங்கும். கொசுவலை என்று சும்மா சொல்லவில்லை, இரவில் ரத்தம் குடிக்க வரும் ஒட்டுண்ணிகளை அது உண்மையாகவே தடுக்கிறது.

அதனால் நாலு டைவ் கிடைக்குமா அஞ்சு கிடைக்குமா என்று எண்ணிக்கை பார்த்துப் போகாதீர்கள். அந்தி, இரவு, விடியல் மூன்றுக்கும் உடம்பில் தெம்பு மிச்சம் இருக்க வேண்டும், மதியம் ஒரு டைவை விட்டுவிட்டுத் தூங்கினாலும் நஷ்டமில்லை.

திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். ஸ்கூபா, அதாவது காற்று டேங்க் மாட்டிக்கொண்டு முக்குளிப்பது, செய்துவிட்டு உடனே விமானம் ஏறக்கூடாது. அழுத்தத்தில் சுவாசித்த காற்றிலுள்ள நைட்ரஜன் உடம்பில் கரைந்து கிடக்கும், விமானத்துக்குள் காற்றழுத்தம் குறையும்போது அது குமிழியாக வெளிவரலாம். ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. படகில் தங்கிப் போகிறவர்கள் எல்லாரும் இரண்டாவது வகைதான். நான் முழுசாக ஒரு நாள் விட்டுவிடுவேன். உயரமான மலைப்பாதையில் காரில் ஏறுவதற்கும் இதே எச்சரிக்கை உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். குழாய் வழியாக மூச்சு விட்டபடி மேலாக மிதந்து பார்க்கும் வெறும் ஸ்நார்க்கலிங் மட்டும் என்றால் இந்தக் கவலை இல்லை.

யார் எதைச் செய்யலாம்? ஸ்நார்க்கலிங்குக்குச் சான்றிதழ் தேவையில்லை, ஆனால் பதறாமல் மிதக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்கூபாவில் சான்றிதழ் இல்லாதவரைப் பயிற்சியாளர் கூடவே இருந்து அதிகபட்சம் 12 மீட்டர் வரை கூட்டிப்போவார். முதல் நிலைச் சான்றிதழுக்கு 18, அடுத்ததற்கு 30, பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40. ஆழமாகப் போனால்தான் டைவ் என்று நினைக்காதீர்கள். பவளத்துக்குள் வாழும் நுண்பாசிதான் அதற்குப் பெரும்பகுதிச் சோறு போடுகிறது, அந்தப் பாசிக்கு வெயில் வேண்டும், ஆகவே திட்டின் கலகலப்பெல்லாம் மேலாகத்தான் இருக்கும். கீழே போகப் போக நிறமும் போய்விடும், முதலில் போவது சிவப்பு. வீட்டில் ஒருவர் டேங்கோடும் மற்றவர் ஸ்நார்க்கலோடும் போனால் மேலே இருப்பவர் பெரிதாக ஒன்றும் இழப்பதில்லை.

மருத்துவப் படிவத்தில் பொய் எழுதாதீர்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை எதுவாக இருந்தாலும் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது, படகில் ஏறிய பிறகு தெரியவந்தால் தண்ணீரில் இறங்கவே விடமாட்டார்கள். சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது. மூக்கடைப்பு மாத்திரை போட்டுச் சமாளித்துவிடலாம் என்று தோன்றும், ஆனால் கீழே இருக்கும்போது அதன் வேகம் குறைந்து மறுபடி அடைத்துக்கொண்டால் மேலே வரும்போது காது படாதபாடு படும். கடைசியாக டைவ் செய்து ஒரு வருடம் ஆகிவிட்டதா, நீச்சல் குளத்தில் ஒரு மறுபயிற்சி எடுத்துவிட்டுப் போங்கள். முதல் நாள் பாதியை மாஸ்க்கோடு மல்லுக்கட்டியே கழிக்க வேண்டியிருக்காது.

படகைப் பிடிக்கும்போது எல்லாரும் சாப்பாட்டையும் அறையையும்தான் விசாரிப்பார்கள். நீங்கள் மூன்று கேள்வி கேளுங்கள். முதலாவது, ராத்திரி முழுக்க ஒருவர் விழித்திருந்து படகைச் சுற்றி வருவாரா? 2019 செப்டம்பரில் கலிஃபோர்னியா கடலில் கான்செப்ஷன் என்ற டைவ் படகு அதிகாலையில் தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேர் இறந்தார்கள். அங்கே அப்படி யாரும் ரோந்து இல்லை. இரண்டாவது, ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் ஆட்களை எப்படி எண்ணுகிறார்கள்? 1998 ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃபில் ஒரு தம்பதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட்டுப் படகு கரை திரும்பிவிட்டது, அவர்கள் கிடைக்கவே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளை நேரில் பார்த்துக் குறிக்கும் படகில் ஏறுங்கள். இன்னொருவருக்காக நீங்கள் ஆஜர் சொல்லாதீர்கள், விளையாட்டுக்குக்கூட. மூன்றாவது, ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கிறதா, நைட்ரஜன் குமிழிக்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை உள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம்? இந்தக் கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் வேறு படகு பாருங்கள்.

ஏறியதும் பையை வைப்பதற்கு முன் உங்கள் படுக்கையிலிருந்து வெளியேற இரண்டு வழிகளையும் நடந்து பார்த்துவிடுங்கள். கேமரா, டார்ச் பேட்டரிகளைப் பகலில், ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் சார்ஜ் போடுங்கள். தூங்கும்போது தலைமாட்டில் சார்ஜர் வேண்டவே வேண்டாம்.

குமட்டலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தை நாசமாக்குவதில் சுறாவை விட இதற்குத்தான் பங்கு அதிகம். கிடைத்தால் படகின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் படுக்கை கேளுங்கள், அங்கேதான் ஆட்டம் குறைவு. மாத்திரை போடுவதானால் குமட்டல் வருவதற்கு முன்னால் போட வேண்டும், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பாவது. அதுவும் வீட்டிலேயே ஒருநாள் போட்டுப் பார்த்திருக்க வேண்டும், சில மாத்திரைகள் ஆளைத் தூக்கத்தில் சாய்த்துவிடும், அரைத் தூக்கத்தில் டைவ் செய்ய முடியாது. தலை சுற்ற ஆரம்பித்தால் போனைப் பார்க்காதீர்கள், வெளியே வந்து அடிவானத்தைப் பாருங்கள். வாந்தி வந்தால் காற்று உங்கள் முதுகில் படும் பக்கம் போய் நில்லுங்கள். மற்றப் பக்கம் நின்று எடுத்த வாந்தி யார் முகத்துக்குத் திரும்பி வரும் என்று நான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன். கழிவறைக்குள் மட்டும் போய் அடைந்துகொள்ளாதீர்கள், மூடிய அறையில் இன்னும் மோசமாகும். டேங்கோடு கீழே இருக்கும்போது வந்துவிட்டால் மூச்சு விட வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டரை எடுக்காமல் அதற்குள்ளேயே எடுத்துவிடலாம், அது தாங்கும், பிறகு பட்டனை அழுத்திச் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

சாமான் குறைவாகப் போதும். மடிக்கக்கூடிய பை, இரண்டு நீச்சல் உடை, ஒரு காற்றுத்தடுப்பு ஜாக்கெட். தண்ணீர் 28 டிகிரி, குளிரவா போகிறது என்று நினைப்பீர்கள். தண்ணீர் காற்றை விட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடல் சூட்டை இழுக்கும், மூன்றாவது டைவில் பல் தந்தியடிக்கும். உடம்போடு ஒட்டும் ரப்பர் உடையான வெட்சூட், 3 மில்லிமீட்டர் தடிமனில், போடுங்கள். ஸ்நார்க்கலிங் செய்பவர்கள் முழுக்கை லைக்ரா சட்டை போட்டால் முதுகு வேகாது, சன்ஸ்க்ரீனும் குறைவாகப் போதும். ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் கலந்த சன்ஸ்க்ரீன் பவளத்துக்குக் கெடுதல் என்று பசிபிக் தீவு நாடான பலாவு 2020-லும் ஹவாய் 2021-லும் தடையை அமலுக்குக் கொண்டுவந்தன. டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துவிட்டு வாங்குங்கள்.

சொந்தமாக ஒரே ஒரு பொருள்தான் வாங்க முடியும் என்றால் அது மாஸ்க்காக இருக்கட்டும். வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக இழுங்கள், கையை எடுத்த பிறகும் விழாமல் நின்றால் உங்கள் முகத்துக்குப் பொருந்துகிறது. புது மாஸ்க்கின் கண்ணாடியில் எண்ணெய்ப் படலம் இருக்கும், பற்பசையால் தேய்த்துக் கழுவாவிட்டால் பனிபடர்ந்து ஒன்றும் தெரியாது. பிறகு ஒவ்வொரு முறையும் எச்சில் துப்பித் தடவி அலசினால் போதும். முகம் முழுக்க மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் எனக்குப் பிடிக்காது. தண்ணீர் புகுந்தால் வாயிலிருந்து சட்டென்று துப்பிவிட முடியாது.

தண்ணீரில் இறங்கிய பிறகு முக்கியமானவை கொஞ்சம்தான். காதை வலி வருவதற்கு முன்பே, ஒவ்வொரு மீட்டருக்கும், மூக்கைப் பிடித்து மெதுவாக ஊதிச் சரிசெய்யுங்கள். முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரட்டிப்பாகிவிடுகிறது, அதனால்தான் மேலாக இருக்கும்போதே காது அதிகம் படுத்தும். வலித்தால் ஒரு மீட்டர் மேலே வந்து மறுபடி முயலுங்கள். டேங்கில் சுவாசிக்கும்போது மூச்சைப் பிடிக்கவே கூடாது, 10 மீட்டரிலிருந்து மேலே வருவதற்குள் நுரையீரலில் உள்ள காற்று இரண்டு மடங்காக விரியும். ஏறும் வேகம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் வேண்டாம், 5 மீட்டரில் 3 நிமிடம் நில்லுங்கள், டேங்கின் அழுத்தமானி 50 பார் காட்டும்போதே மேலே வந்திருங்கள்.

ஸ்நார்க்கலிங் ஆட்களுக்கு ஒரு எச்சரிக்கை. மூழ்குவதற்கு முன் வேக வேகமாக மூச்சு வாங்கினால் ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் ஆக்சிஜன் கூடுவதில்லை, மூச்சு வாங்கு என்று உந்தும் கரியமில வாயுதான் குறைகிறது, ஆகவே எச்சரிக்கையே இல்லாமல் தண்ணீருக்குள் மயங்கிவிடுவீர்கள். நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒருவர் மூழ்கினால் இன்னொருவர் மேலே இருந்து பார்க்கட்டும். நீரோட்டம் இருந்தால் போகும்போது எதிர்த்துப் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதுவே கொண்டுவந்து விடும்.

பவளத்தைத் தொடாதீர்கள், அதன்மேல் நிற்காதீர்கள். உருண்டைப் பவளம் பல வகைகளில் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், காலில் மாட்டும் ஃபின் ஒருமுறை இடித்தால் போனது பல வருட உழைப்பு. வெளுத்துப்போன பவளத்தைப் பார்த்தால் செத்துவிட்டது என்று மேலே கால் வைக்கவும் வேண்டாம், சூடு தாங்காமல் பாசியை வெளியேற்றிவிட்டுப் பட்டினி கிடக்கும் உயிராக இருக்கலாம். 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது, ஆகவே இந்தக் காட்சி பல கடல்களில் கண்ணில் படலாம். தொடாமல் இருப்பது நமக்கும் நல்லது: கல்மீன் கல்லாகவே தெரியும், அழகான கூம்புச் சங்குக்குள் விஷ ஊசி வைத்திருக்கும் நத்தை இருக்கும். கல்மீனோ சிங்க மீனோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், தண்ணீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காயத்தை அமிழ்த்தி வைத்து, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

சரி, இரவுக்கு வருவோம். அந்தியில் எந்த இடத்தில் இறங்கினீர்களோ அதே இடத்தில் இரவிலும் இறங்குவது நல்லது, வழி மனதில் இருக்கும். ஆளுக்கு இரண்டு டார்ச், டேங்கில் ஒரு சிறு விளக்கு. ஆழம் 10, 12 மீட்டர் போதும். டார்ச்சால் வட்டம் போட்டால் நலம், வேகமாக இடவலமாக ஆட்டினால் ஆபத்து, உடனே என்னைக் கவனி என்று பொருள். கைச்சைகை காட்டும்போது வெளிச்சத்தை உங்கள் கைமேல் அடியுங்கள், எதிராளியின் கண்ணில் அடித்தால் அடுத்த சில நிமிடம் அவருக்கு ஒன்றும் தெரியாது. தூங்கும் மீனையும் ஆமையையும் வெளிச்சத்தால் துரத்தாதீர்கள். நடுவில் ஓர் இடத்தில் நின்று டார்ச்சை நெஞ்சோடு அணைத்து மறைத்துக்கொண்டு கையை வீசிப் பாருங்கள், தண்ணீரில் நீலப் பொறிகள் தெறிக்கும். நிலா இல்லாத இரவு என்றால் இன்னும் பிரமாதம். பயமாக இருந்தால் இறங்காதீர்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. படகின் விளக்கடியில் கணவாய்கள் வேட்டையாடுவதை மேல்தளத்தில் உட்கார்ந்தே பார்க்கலாம்.

மது குடிப்பவர்கள் கடைசி டைவ் முடியும்வரை பொறுங்கள். விடியல் டைவுக்கு எழுப்பும்போது ஒருவரும் எழ மாட்டார்கள், எழுந்து போனால் பவளத்திட்டே உங்களுடையது.

கரைக்கு வந்ததும் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், காதையும்தான். அடுத்த ஒரு நாள் உடம்பைக் கவனியுங்கள். மூட்டு வலி, மரத்துப்போதல், தோலில் திட்டுத் திட்டாகச் சிவப்பு, காரணமில்லாத அசதி எது வந்தாலும், அது முன்பு சொன்ன நைட்ரஜன் குமிழியின் வேலையாக இருக்கலாம், தூங்கினால் சரியாகிவிடும் என்று படுக்காமல், டைவ் செய்தேன் என்று சொல்லி ஆக்சிஜன் கேளுங்கள்.