நம்ம ஊரு சமுதாய வானொலிக்கு வில்லுப்பாட்டு, மகுடம் வச்சு ஒரு நிகழ்ச்சி பண்ணுறது எப்படி

சமுதாய வானொலில வாரம் அரை மணி நேரம் உங்க கைல கொடுத்திருக்காங்கன்னு வைங்க. நெல்லைப் பக்கத்துக் கலைய வச்சு நிகழ்ச்சி பண்ணணும்னு ஆசையா இருக்கு, ஆனா எங்க ஆரம்பிக்கன்னு தெரியல, அப்படின்னா மொதல்ல ஒண்ணு சொல்லுதேன், கலைஞர்கள ஸ்டுடியோவுக்கு வரச்சொல்லாதீங்க. வில்லுப்பாட்டு ஏசி ரூம்ல உசுரில்லாம போயிரும். வில்லடிச்சுக் கதை பாடுற புலவர் கதைய இழுக்க இழுக்க பக்கத்துல இருக்கவரு "ஆமா" போட்டு, எதிர்ல ஊர்ச்சனம் உக்காந்து கேட்டாத்தான் வீசுகோல் வில்லுல விழுற வேகமே வேற.

அதனால கொடைக்கு, அதான் நம்ம ஊர்க் கோயில் திருவிழாவுக்குப் போங்க. பங்குனி, சித்திரை, ஆடி மாசம்தான் நம்ம பக்கம் கொடை அதிகம், பெரும்பாலும் செவ்வாய் இல்லன்னா வெள்ளில வரும். ஒரு வாரம் முன்னாடியே கோயில் வரிதாரர்கள்ட்ட, அதான் வரி கொடுத்துக் கொடை நடத்துறவங்கள்ட்ட பேசிருங்க, மைக்செட் அண்ணாச்சிட்டயும் தனியா பேசுங்க, அவர் மிக்சர்ல இருந்து ஒரு வயர் உங்க ரெக்கார்டருக்குக் கொடுத்துட்டார்னா பாதி வேலை முடிஞ்சுது. நான் மொத தடவ போனப்ப இது தெரியாம குழாய் ஸ்பீக்கருக்குக் கீழ போய் உக்காந்துட்டேன், ராத்திரி பூரா எடுத்தது மொத்தமும் கரகரன்னு உடைஞ்சு போச்சு, இன்னைக்கும் அத நினைச்சா மனசு ஆறல. அந்தப் புலவர் அன்னைக்குப் பாடின மாதிரி திரும்பப் பாடவா போறாரு. ரெக்கார்டர்ல சத்த லெவல் எப்பவும் மைனஸ் 12 டெசிபல் பக்கத்துலயே நிக்கட்டும், தாளத்துக்குத் தட்டுற மண்குடத்துல ஓங்கி ஒரு அடி விழுந்தா அதுக்கு இடம் வேணும். எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் (WAV) ஃபைலா எடுங்க.

மகுடம்கிற தோல் பறைய அடிச்சுப் பாடி ஆடுற கணியான் கூத்துன்னா இன்னும் சீக்கிரமே போயிருங்க. ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடி மகுடத்த தீயில காட்டிக் காட்டி தட்டிப் பாப்பாங்க, தோலு சூடேற ஏற அந்தச் சத்தம் மாறும் பாருங்க, உங்க நிகழ்ச்சியோட மொத ஒரு நிமிசம் அதுதான், அதுக்கு மேல அறிவிப்பாளர் பேச்சு எதுவும் வேண்டாம். உச்சம், மந்தம்னு ரெண்டு மகுடம் இருக்கும், ரெண்டுக்கும் நடுவுல மைக்க வைங்க. ஒண்ணுக்கிட்டயே வச்சீங்கன்னா அதுங்க ரெண்டும் பேசிக்கிறது கேக்காது.

இனி சொல்லுறத மட்டும் நிதானமா படிங்க. வில்லுல வரத்துப் பாடுவாங்க, சாமிய வரவழைக்கிற பாட்டு. அதக் கேட்டா சாமி வந்து ஆடுறவங்க இருக்காங்க. அத எடுத்துட்டு வந்து மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒரு விளம்பரத்துக்கும் இன்னொரு விளம்பரத்துக்கும் நடுவுல போடுறது தப்பு, நல்லா இருக்கேன்னு தோணினாலும் தப்பு. புலவர்ட்டயும் கோயில்காரங்கள்ட்டயும் எது போடலாம் எது கூடாதுன்னு கேளுங்க, அவங்க சொல்லுற பதில ரெக்கார்டாவே வச்சுக்கோங்க. சில கதைகள்ல சாதிக் கொலை வரும், ஊருக்கு ஊர் கதை மாறும், அப்ப இது எந்த ஊர்ல யாரு பாடினதுன்னு சொல்லாம ஒலிபரப்பக் கூடாது.

பேட்டி மறுநாள் அவங்க வீட்டுத் திண்ணைல வச்சு எடுங்க. "இந்தக் கலை அழிஞ்சுட்டு வருதே, என்ன நினைக்கிறீங்க"ன்னு மட்டும் கேட்டுராதீங்க, அந்தக் கேள்விக்கு அவங்க நூறு தடவ பதில் சொல்லிட்டாங்க. கூத்துல தலைமையா பாடுறவர அண்ணாவின்னு கூப்பிடுவாங்க, அவர்ட்ட "அண்ணாவி, இந்த மகுடம் எந்த மரத்துல செஞ்சது, தோலு எங்க வாங்குதீய, மழை நாள்ல என்ன பண்ணுவீய?"ன்னு கேளுங்க, கைல இருக்க சாமானப் பத்திக் கேட்டா பேச்சு தானா வரும். உங்க பேச்சும் நம்ம பேச்சாவே இருக்கட்டும், நியூஸ் வாசிக்கிற தமிழ் வேண்டாம்.

சட்டம் கொஞ்சம் தெரிஞ்சுக்கோங்க. அரசோட சமுதாய வானொலிக் கொள்கைப்படி நிகழ்ச்சில பாதியாவது அந்தந்த ஊர்ல, ஊர் ஜனங்க சேர்ந்து தயாரிச்சதா இருக்கணும், அதனால உங்க அரை மணி நேரம் ஸ்டேஷனுக்கும் தேவைதான். டிரான்ஸ்மிட்டர் சக்தி பொதுவா 100 வாட்தான், பத்து பதினஞ்சு கிலோமீட்டர் போனா பெருசு, கேக்குறவங்க எல்லாம் பக்கத்து ஊர்க்காரங்கதான்னு மனசுல வச்சுப் பேசுங்க. நடுவுல சினிமா மெட்டு வந்தா வெட்டிருங்க, உரிமைப் பிரச்சினை.

எந்த நேரம் வேணும்னு ஸ்டேஷன்ல கேட்டா மத்தியானம் வாங்குங்க. முக்கூடல், ஆலங்குளம் மாதிரி ஊர்கள்ல பீடி சுத்துற அக்காமாரு கை வேலை பாத்துக்கிட்டே காதால கேப்பாங்க, அவங்கள விட பொறுமையா முழுக் கதையும் கேக்குறவங்க யாரும் கிடையாது.

கலைஞருக்குப் பணம் கொடுங்க, பொன்னாடையோட நிறுத்திராதீங்க. ஒலிபரப்பு முடிஞ்சதும் முழு ரெக்கார்டிங்கையும் ஒரு பென்டிரைவ்ல போட்டு, ஊரு, கோயில், தேதி, பாடினவங்க, குடம் அடிச்சவங்க பேரு எல்லாம் ஒரு தாள்ல எழுதி அவங்க வீட்டுலயே கொண்டு போய்க் கொடுங்க. அப்படியே அடுத்த கொடை எங்கன்னு கேட்டுட்டு வாங்க.