மீட்ட விஷப்பாம்புக்குத் தண்ணீர் காட்டுவது எப்படி?

குறுவை அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் பக்கம் போன் ஓயாது. அறுவடை மெஷினில் அடிபட்ட கண்ணாடி விரியன், கொல்லை வேலியில் கட்டிய நைலான் வலையில் சிக்கிய நல்லபாம்பு என்று வந்துகொண்டே இருக்கும். நன்றாக இருப்பதை வனத்துறைக்குச் சொல்லி அன்றைக்கே விட்டுவிடலாம், காயம்பட்டதைத்தான் சில நாள் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்த நாட்களில் எல்லோர் கண்ணும் காயத்தின் மேலேயே இருக்கும், தண்ணீரைக் கவனிக்க ஆள் இருக்காது. கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாயிற்று என்பதும் பாம்பு குடித்தாயிற்று என்பதும் வேறு வேறு. அதனால்தான் இந்தப் பதிவு.

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் பாம்பு வைத்திருப்பது குற்றம். இது வனத்துறை அனுமதியோடு மீட்பு வேலை செய்கிறவர்களுக்காக, குறிப்பாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுவது. கொக்கி பிடிப்பது, பெட்டியைப் பூட்டுவது எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எதையும் தனியாகச் செய்யாதீர்கள். விஷமுறிவு மருந்து எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று கூட இருப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

1. முதலில் பார்வை

பெட்டிக்கு வெளியே இருந்தே பாருங்கள். வளையும் இடத்தில் தோல் சுருக்கம் விழுந்து அப்படியே நிற்கிறதா, கண் உள்வாங்கியிருக்கிறதா, சட்டை ஒரே உரியாக வராமல் துண்டு துண்டாக வந்திருக்கிறதா? இதெல்லாம் தண்ணீர் போதவில்லை என்பதற்கு அடையாளம். பெட்டியோடு தராசில் வைத்துப் பெட்டியின் எடையைக் கழித்து எழுதி வையுங்கள்.

2. பாத்திரம்

என் ஓட்டு கல்சட்டிக்கு. பிளாஸ்டிக் கிண்ணத்தை நல்லபாம்பு ஒரே தள்ளில் கவிழ்த்துவிடும், தரை நனையும், ஈரத்திலேயே படுத்துக் கிடந்தால் வயிற்றுச் செதில் புண்ணாகும், சளியும் பிடிக்கும். கல்சட்டி அசையாது. ஒரே குறை, கறுப்பாக இருப்பதால் அடியில் படிகிற வழவழப்பு கண்ணுக்குத் தெரியாது. டார்ச் அடித்துப் பாருங்கள். தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்து மாற்றிப் போட இரண்டு சட்டி வேண்டும். பாதி அளவுதான் ஊற்ற வேண்டும், விளிம்பு வரை ஊற்றினால் பாம்பு உள்ளே சுருண்டதும் வழிந்துவிடும். பெட்டிக் கதவுக்குப் பக்கத்தில் சட்டியை வைக்காதீர்கள்.

3. ஊற்றுவது

கை உள்ளே போகவே கூடாது. கொத்தனார் மட்டம் பார்க்கிற டியூப் இருக்கிறதே, அதில் ஒரு துண்டு வாங்கி, பெட்டியின் மேல்பக்கம் சின்ன ஓட்டை போட்டுச் சட்டிக்கு நேராக இறக்கி, வெளிமுனையில் புனல் வைத்து ஊற்றுங்கள். டியூபை எடுத்ததும் ஓட்டையை அடைத்துவிடுங்கள். சட்டியை மாற்ற வேண்டும் என்றால் பாம்பைப் பெட்டிக்குள் இருக்கிற தடுப்புக்கு அந்தப் பக்கம் அனுப்பிப் பூட்டிவிட்டுத்தான்.

4. குடித்ததா?

எல்லோரும் ஏமாறுகிற இடம் இதுதான். காலையில் சட்டியில் தண்ணீர் குறைந்திருந்தால் குடித்துவிட்டது என்று நோட்டில் எழுதிவிடுவோம். கத்திரி வெயிலில் தஞ்சாவூர்ப் பக்கம் தகரக் கொட்டகைக்குள் வைத்த தண்ணீர் தானாகவே எவ்வளவு வற்றும் என்று யோசித்துப் பாருங்கள். அதே மாதிரி இன்னொரு சட்டியில் அதே அளவு ஊற்றிப் பெட்டிக்குள்ளேயே, பாம்புக்கு எட்டாமல் கம்பி வலைக்கு அந்தப்புறம் வையுங்கள். இரண்டிலும் சாக்பீஸால் கோடு. மறுநாள் இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் பாம்பு வாய் வைக்கவில்லை.

கட்டு விரியன் ராத்திரியில் நடமாடுவது, அதனால் பகலில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், பொழுது சாயும்போது புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். பாம்பு நாக்கால் நக்கிக் குடிக்காது. வாயைத் தண்ணீரில் பதித்து அசையாமல் இருக்கும், தாடைக்குப் பின்னால் தொண்டை லேசாகத் துடிப்பது மட்டும் தெரியும். விரியன்களில் சில சட்டியையே சீண்டாது, அதற்குப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் ஸ்பிரேயர் வைத்துப் பூந்தூறலாக அடித்தால் தன் உடம்பில் நிற்கிற துளியைக் குடிக்கும். மறுபக்கம் காய்ந்தே இருக்க வேண்டும்.

கடைசிச் சாட்சி எச்சம். அதில் வெள்ளைப் பகுதி வெற்றிலைச் சுண்ணாம்பு மாதிரி குழைவாக இருந்தால் சரி. மஞ்சளாக, கட்டியாக, மணல் மணலாக இருந்தால் தண்ணீர் போதவில்லை.

(புற்றுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்துவிட்டுப் பால் தரலாமா என்று கேட்கிறார்கள். தாகத்தில் எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும், ஆனால் பால் அதற்குச் செரிக்காது. வெறும் தண்ணீர்தான். குளுக்கோஸும் வேண்டாம்.)

5. ஊறவைப்பது

குடிக்கவே இல்லை என்றால் பூட்டுகிற மூடியுள்ள, உள்ளே தெரிகிற டப்பாவில் காற்றுக்கு ஓட்டை போட்டு, பாம்பின் பாதித் தடிமன் அளவுக்குத் தண்ணீர். தலை சாய்க்க ஓர் ஓட்டுத் துண்டு. அரை மணி நேரம், கண்ணை எடுக்காமல். சோர்ந்த பாம்பு கொஞ்சத் தண்ணீரிலும் மூழ்கும். தண்ணீர் 28 முதல் 30 டிகிரி இருந்தால் போதும். மாடி டேங்க் தண்ணீரை மதியத்தில் பிடிக்காதீர்கள், சுடும்.

இதற்கும் தேறாவிட்டால் கால்நடை மருத்துவர்தான். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. எடையைப் பொறுத்து அவர்கள் ஊசியில் தண்ணீர் ஏற்றுவார்கள், பொதுவாகக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 15 முதல் 25 மில்லி என்கிற கணக்கில். நீங்கள் குழாய் விட்டு வாயில் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் பாம்பு போய்விடும், உங்கள் விரலும் பல்லுக்குப் பக்கத்தில் இருக்கும். தண்ணீர் ஏறும் வரை இரையும் வேண்டாம். எலியின் உடம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான், ஆனால் வறண்ட பாம்பால் அதைச் செரிக்க முடியாமல் கக்கிவிடும்.

பின்சேர்க்கை: வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி, இரண்டு சட்டியும் ஒரே மாதிரி இறங்குகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். அங்கே போர்த் தண்ணீர் உப்பு, அதனால் பாம்பு வாய் வைக்காமல் இருக்கலாம். நாம் குடிக்கிற தண்ணீரையே வையுங்கள். குளோரின் வாசம் வந்தால் ஒரு ராத்திரி வாளியில் திறந்து வைத்துவிட்டு ஊற்றுங்கள்.

இன்னொரு பின்சேர்க்கை: வெயிலில் வலையில் கிடந்த பாம்பை, வலையை அறுத்து வெளியே எடுத்த கையோடு தண்ணீரில் போடுகிறார்கள். முதலில் நிழல், காற்றோட்டம், உடம்புச் சூடு இறங்கட்டும், அப்புறம் தண்ணீர். நைலான் அறுத்த புண் திறந்திருந்தால் ஊறவைக்கவே வேண்டாம், சட்டியை மட்டும் வைத்துவிட்டு நேராக மருத்துவருக்குப் போன் போடுங்கள்.