மறதிநோயில் மாறும் நடத்தை: வீட்டிலேயே கவனித்துக் குறித்துவைப்பது எப்படி?

மறதிநோய் (டிமென்ஷியா) வந்த வீட்டில் எல்லோரையும் அலைக்கழிப்பது பெரும்பாலும் மறதி இல்லை. சந்தேகம், கோபம், ராத்திரி நடமாட்டம், எதிலும் ஒட்டாமல் போவது, இவைதான். 1901-இல் பிராங்க்பர்ட்டில் டாக்டர் அலோய்ஸ் அல்சைமர் பரிசோதித்த அகுஸ்டே டேட்டர் என்ற நோயாளிக்கு முதலில் தெரிந்த மாற்றமே கணவர்மீது வந்த பொறாமைதான். பெரம்பூர் வீட்டில் என் மாமியாரைப் பார்த்துக்கொண்டபோது எனக்குக் கைகொடுத்த முறை இது.

படி 1: நடந்ததை நடந்தபடி எழுதுங்கள்

"அத்தை ஒரே ரகளை" என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் விளங்காது. "மாலை 6 மணி, கரண்ட் போனது. 'என்னை எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ' என்று வாசல் தாழ்ப்பாளை இழுத்தார். எமர்ஜென்சி விளக்கு போட்டு, காபி கொடுத்ததும் உட்கார்ந்தார்." இதில் முன்னால் நடந்தது, அவர் செய்தது, பிறகு ஆனது மூன்றும் இருக்கின்றன. செல்போன் செயலியைவிட சாதாரண நோட்டுதான் நல்லது என்பேன். பகலில் துணைக்கு வரும் அக்காவும் அதிலேயே எழுதலாம்.

படி 2: எதையெல்லாம் கவனிப்பது?

1994-இல் ஜெஃப்ரி கம்மிங்ஸ் குழு வெளியிட்ட கேள்விப் பட்டியலை டாக்டர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள். அதில் இப்போது 12 வகைகள்: பொய்யான நம்பிக்கை, இல்லாதது தெரிவது அல்லது கேட்பது, முரட்டுத்தனம், மனச்சோர்வு, பதற்றம், காரணமில்லாத குதூகலம், நாட்டமின்மை, கூச்சம் விட்டுப்போவது, எரிச்சல், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது, தூக்கக் கோளாறு, சாப்பாட்டில் மாற்றம்.

"வளையலைத் திருடிட்டாங்க" என்றால் முதலில் உண்மையா என்று பாருங்கள். மறதிநோய் உள்ளவர் வீட்டிலும் திருட்டு நடக்கும். இல்லையென்றால் வாதாட வேண்டாம். "வாங்க அத்தை, சேர்ந்து தேடலாம்" என்பது பல நாள் பலித்தது.

(பின்சேர்க்கை: "அப்பா தொந்தரவே இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறார்" என்று சிலர் எழுதியிருந்தீர்கள். அதையும் குறியுங்கள். அழுகை, "நான் எதுக்கு இருக்கணும்" என்ற பேச்சு இருந்தால் மனச்சோர்வாக இருக்கலாம். வருத்தமும் இல்லை, ஆர்வமும் இல்லை என்றால் நாட்டமின்மை. இரண்டும் சேர்ந்தும் வரும்.)

படி 3: மெல்ல வந்ததா, திடீரென்று வந்ததா?

நான் திணறி நின்ற இடம் இதுதான். ஓரளவு அமைதியாக இருந்த அத்தை, ஒரே நாளில் சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார். போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். காலையில் நன்றாகப் பேசியவர், மதியம் பாதித் தூக்கத்தில் உளறினார். "நோய் முத்திடுச்சு" என்றார்கள் வந்து பார்த்தவர்கள். பரிசோதித்தால் சிறுநீர்த் தொற்று. மருந்து கொடுத்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தார்.

மறதிநோய் இப்படி ஒரு ராத்திரியில் புரண்டு போகாது. மணிக்கணக்கில், அல்லது ஓரிரு நாளில் வரும் குழப்பத்துக்கு டெலிரியம் என்று பெயர். காய்ச்சல், மலச்சிக்கல், வலி, புதிதாகத் தொடங்கிய மாத்திரை, கத்திரி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் விட்டது என்று காரணம் உடம்பில் இருக்கும். கத்தாமல், எழுப்பினாலும் மந்தமாகக் கிடப்பதும் இதே வகையாக இருக்கலாம். அதைத்தான் எளிதில் தவறவிடுகிறோம். அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

படி 4: மருந்துக்கு முன்னால்

கண்ணாடி, காது மெஷின் சரியாக இருக்கின்றனவா பாருங்கள். அங்கே இல்லாத ஆட்களோ குழந்தைகளோ தெளிவாகத் தெரிவதாக அடிக்கடி சொல்கிறார், நடையும் இறுகியிருக்கிறது என்றால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். லூயி பாடி வகை மறதிநோயாக இருந்தால் ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகள் கடுமையாகப் பாதிக்கும். மறதிநோய் உள்ள முதியவர்களுக்கு இவ்வகை மருந்துகள் சிலவற்றால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-இலேயே எச்சரித்தது. பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குக் கொடுத்த மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்கவே கூடாது.

படி 5: எங்கே போவது?

சென்னையில் கிண்டியில் 2024-இல் திறந்த தேசிய முதியோர் நல மருத்துவமனை இருக்கிறது. முதியோருக்கான உதவி எண் 14567. நோட்டோடு மாத்திரைச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். செல்போனில் வீடியோ எடுத்திருந்தால் டாக்டருக்கு மட்டும் காட்டுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். அவர் தெளிவாக இருந்தால் அதற்குச் சம்மதித்திருக்க மாட்டார்.