ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கு போற கார்கோ ராக்கெட்ட நேர்ல பாக்க ஃப்ளோரிடா போறீங்களா? இதெல்லாம் ரெடி பண்ணிக்கோங்க

லீவுக்கு ஃப்ளோரிடா போறோம், டிஸ்னி பாத்துட்டு அப்படியே ஒரு ராக்கெட்டும் பாத்துட்டு வந்துடலாம்னு பிளான் போடுறவங்க நிறைய பேர் இருக்கீங்க, உங்களுக்குத்தான் இது. அதுலயும் குறிப்பா இன்டர்நேஷனல் ஸ்பேஸ் ஸ்டேஷனுக்கு சாமான் ஏத்திட்டு போற லான்ச் பத்தி மட்டும். மனுஷங்க ஏறிப் போற லான்ச்சுன்னா கூட்டம் அள்ளும், ஹோட்டல் ரேட் எகிறும், ஆனா கார்கோ போறது பாதி பேருக்கு தெரியவே தெரியாது. மேல போறது என்னவோ ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட அதே ஃபால்கன் 9 ராக்கெட்தான், அதே 65, 70 மீட்டர் உயரம், அதே ஒன்பது இன்ஜின், அதே சத்தம். குழந்தை குட்டியோட போறவங்களுக்கு என் ஓட்டு கார்கோவுக்குத்தான்.

முதல்ல ஒரு விஷயத்த மண்டையில ஏத்திக்கோங்க, மத்த பிளான் எல்லாம் இத வெச்சுத்தான். ஸ்டேஷனுக்கு போற ஃபால்கன் 9க்கு லான்ச் டைம்ங்கறது ஒரே ஒரு செகண்டு. ஸ்டார்லிங்க் இன்டர்நெட் சாட்டிலைட் மாதிரி லான்ச்சுக்கு சில மணி நேரம் விண்டோ, அதாவது எப்ப வேணா கிளம்பலாம்ங்கற அவகாசம் இருக்கும், மேகம் வந்தா கொஞ்சம் வெயிட் பண்ணி அப்புறம் அனுப்புவாங்க, இங்க அந்த கதையே கிடையாது. ஸ்டேஷன் சுமார் 400 கிமீ உயரத்துல, பூமத்திய ரேகைக்கு 51.6 டிகிரி சாய்வான பாதையில, மணிக்கு கிட்டத்தட்ட 28,000 கிமீ வேகத்துல சுத்திக்கிட்டு இருக்கு, அந்த பாதைக்கு கீழ பூமி பாட்டுக்கு உருண்டுக்கிட்டு இருக்கு. லான்ச் பேட் அந்த பாதைக்கு நேர் கீழ வர்ற நேரத்துல கிளம்பினாத்தான் உண்டு, தப்பா கிளம்பிட்டு மேல போய் பாதைய பக்கவாட்டுல திருப்பிக்கலாம்னா எரிபொருள் கட்டுப்படியாகாது. அதுக்கு மேல ஃபால்கன் 9ல ஊத்துற ஆக்சிஜன் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழ குளிர வெச்சது, ஊத்தி வெச்சுட்டு சும்மா நிக்க விட்டா சூடாயிடும். அதனால கடைசி அரை மணி நேரத்துல ஏதாவது ஒண்ணு இடிச்சுதுன்னா அன்னைக்கு கதை முடிஞ்சுது, ஸ்க்ரப்னு சொல்லிட்டு மூட்டைய கட்டிடுவாங்க. மறுநாள் டிரை பண்ணினா டைம் சுமார் 20, 25 நிமிஷம் முன்னாடி வரும், இத கவனிக்காம நேத்து டைமுக்கே போய் நின்னா புகைய மட்டும்தான் பாக்கலாம்.

ஸ்க்ரப் ஆகுறதுக்கு காரணம் ராக்கெட்டாத்தான் இருக்கணும்னு இல்ல. 2018 டிசம்பர்ல சிஆர்எஸ் 16 (ஸ்பேஸ்எக்ஸோட கார்கோ ட்ரிப்புக்கு வெக்கிற பேரு, நம்பரு) லான்ச் ஒரு நாள் தள்ளிப் போச்சு, ஏன்னு கேட்டா உள்ள ஆராய்ச்சிக்கு போக வேண்டிய எலிகளுக்கான சாப்பாட்டுல பூஞ்சை புடிச்சிருந்துச்சாம், புது சாப்பாடு வந்து சேர்ற வரைக்கும் ராக்கெட் காத்திருந்துச்சு. 2014 அக்டோபர் 27 வர்ஜீனியா வாலப்ஸ் தீவுல அன்டாரிஸ்ங்கற இன்னொரு கார்கோ ராக்கெட் கிளம்ப வேண்டியது, கடல்ல தடை பண்ணின ஏரியாவுக்குள்ள ஒரு பாய்மரப் படகு வந்து நின்னுச்சு, அன்னைக்கு கேன்சல். (மறுநாள் அதே ராக்கெட் கிளம்பின சில நொடியிலயே வெடிச்சு பேட் பக்கத்துலயே விழுந்துச்சு, அது வேற கதை. ஆள் யாருக்கும் ஒண்ணும் ஆகல.) கல்பனா சாவ்லா பேர் வெச்ச சிக்னஸ்ங்கற கார்கோ விண்கலம் 2020ல கிளம்பினப்பவும் இதே மாதிரிதான், அக்டோபர் 1 கவுன்ட்டவுன்ல கடைசி மூணு நிமிஷத்துக்குள்ள தரையில இருக்குற கருவியில பிரச்சனைனு நிறுத்திட்டு, 2ஆம் தேதி ராத்திரி அனுப்பினாங்க.

அதனால லான்ச் தேதி அன்னைக்கு ராத்திரியே ரிட்டர்ன் ஃப்ளைட் போடாதீங்க. லான்ச் நாளோட கூட ரெண்டு நாளாவது கையில வெச்சுக்கோங்க, ஹோட்டல்னா கேன்சல் பண்ணினா பணம் திரும்பி வர்ற மாதிரி புக் பண்ணுங்க. ட்ரிப்போட முதல் நாட்கள்ல லான்ச் வர்ற மாதிரி போட்டுட்டு டிஸ்னிய பின்னாடி தள்ளுங்க, டிஸ்னி எங்கயும் ஓடிடாது. சில சமயம் மறுநாளே அடுத்த சான்ஸ் கிடைக்காம சில நாள் கழிச்சுத்தான் கிடைக்கும், ஸ்டேஷன்ல வேற வண்டி வர்றது போறது எல்லாம் பாத்துத்தான் தேதி குடுப்பாங்க.

வெதர் ரிப்போர்ட் படிக்கிறதுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. போன்ல வர்ற வெதர் ஆப்ப நம்பாதீங்க, அங்க இருக்குற ஸ்பேஸ் ஃபோர்ஸோட 45ஆவது வெதர் ஸ்குவாட்ரன் லான்ச்சுக்கு சில நாள் முன்னாடியிலேருந்து தனியா ஒரு பக்க ரிப்போர்ட் போடுவாங்க, அதத்தான் பாக்கணும். அதுல 30 சதவீதம்னு போட்டிருந்தா அது வானிலை இடிக்கிறதுக்கான வாய்ப்பு, அதாவது 70 சதவீதம் நல்லபடியா இருக்கும்னு அர்த்தம், நிறைய பேர் இத தலைகீழா படிச்சுட்டு கிளம்பாமலே வீட்ல உக்காந்துடுறாங்க. மழையே இல்லாம வெறும் குண்டு மேகம் நின்னாலும் லான்ச் நிக்கும், ஏன்னா ராக்கெட்டும் அதோட நீளமான நெருப்பு வாலும் மேகத்துக்குள்ள போறப்ப அதுவே மின்னல இழுத்து விட்டுடும், 1969ல அப்பல்லோ 12 கிளம்பின உடனே மின்னல் அடிச்சது அப்படித்தான். ஜூன்லேருந்து செப்டம்பர் வரைக்கும் ஃப்ளோரிடால மத்தியானத்துக்கு மேல இடி மழை கிட்டத்தட்ட தினசரி வாடிக்கை, அந்த சீசன்ல சாயங்கால லான்ச்ச விட காலை லான்ச், நடுராத்திரி லான்ச்சுக்கு நம்பிக்கை ஜாஸ்தி வைக்கலாம்.

இப்ப எங்க நின்னு பாக்குறதுன்னு பாப்போம். எந்த பேட்லேருந்து போகுதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும். பேட் 40ன்னா கேப் கனாவெரல் ஸ்பேஸ் ஃபோர்ஸ் ஸ்டேஷன் உள்ள இருக்கு, 39ஏன்னா அதுக்கு வடக்க கென்னடி ஸ்பேஸ் சென்டர்ல, அப்பல்லோ 11 போன அதே பேட். 40க்கு தெற்கு பக்கம் ஜெட்டி பார்க் நல்ல இடம், சுமார் 17 கிமீ தூரம், கடற்கரை, பாத்ரூம் எல்லாம் இருக்கு, பார்க்கிங்க்கு காசு உண்டு, நிரம்பிட்டா கேட்ட சாத்திடுவாங்க. டைட்டஸ்வில் ஊர்ல இந்தியன் ரிவர் கரையோரம் ஸ்பேஸ் வியூ பார்க், மேக்ஸ் ப்ரூயர் பாலம், இங்கெல்லாம் காசு இல்ல, தூரம் 20 கிமீக்கு மேல, ஆனா எதிர்ல அகலமான ஆறுங்கறதால நல்லா தெரியும், பாலத்து மேல கார நிறுத்த விடமாட்டாங்க, கீழ விட்டுட்டு நடந்து ஏறணும். இருக்குறதுலயே கிட்ட வேணும்னா ப்ளேயாலிண்டா பீச், 39ஏக்கு சுமார் 6 கிமீ, 40க்கு 11, 12 கிமீ. ஆனா அது ராத்திரி திறந்திருக்காது, சில லான்ச்சுக்கு பகல்லயே மூடிடுவாங்க, அதனால முன்னாடியே விசாரிச்சுட்டு போங்க. அங்க போனா ஒண்ணாம் நம்பர் பார்க்கிங்தான் பேடுக்கு பக்கம், அங்கயே நில்லுங்க, கடைசில இருக்குற 13ஆம் நம்பர் பக்கம் துணி இல்லாம குளிக்கிறவங்க இருப்பாங்க, மாமனார் மாமியாரோட போய் அங்க மாட்டிக்காதீங்க.

காசு குடுத்து பாக்கணும்னா கென்னடி விசிட்டர் காம்ப்ளெக்ஸ்ல சில லான்ச்சுக்கு தனி டிக்கெட் விப்பாங்க. என்னக் கேட்டா முதல் தடவைக்கு டைட்டஸ்வில் ஆத்தங்கரையே போதும்.

கைல என்ன எடுத்துட்டு போறதுன்னா, ரெண்டு மூணு மணி நேரம் முன்னாடியே போய் இடம் புடிக்கணுங்கறதால மடக்கு நாற்காலி, தண்ணி, தொப்பி, சாப்பாடு. புளியோதரை, தயிர் சாதம்னு கட்டுசோறு கட்டிட்டு போறது உத்தமம், ராத்திரி லான்ச்சுன்னா பக்கத்துல கடை திறந்திருக்கும்னு நம்ப முடியாது. கொசு மருந்து கண்டிப்பா வேணும், ஆத்தங்கரைல கொசு மட்டும் இல்ல, கண்ணுக்கே தெரியாத ஒரு பூச்சி கால சுத்தி கடிச்சு எடுத்துடும், முழு பேன்ட் போட்டுக்கோங்க. சுத்தியும் வனவிலங்கு சரணாலயம், முதலை நிஜமாவே இருக்கு, தண்ணி ஓரமா புல்லுக்குள்ள பசங்கள விளையாட விடாதீங்க. 7x50 இல்ல 10x50 பைனாகுலர் ஒண்ணு இருந்தா ரொம்ப நல்லது. பெட்ரோல் ஃபுல் பண்ணிட்டு போங்க, ஒர்லாண்டோலேருந்து 528 ரோட்ல ஒரு மணி நேரம்தான், டோல் ரோடு அது, ஆனா திரும்பி வர்றப்ப அந்த ஒரு மணி நேரக் கணக்கு செல்லாது.

லான்ச்சுக்கு 38 நிமிஷம் இருக்கறப்ப எரிபொருள் ஏத்தலாமா வேண்டாமான்னு முடிவு எடுப்பாங்க, 35 நிமிஷத்துல ஏத்த ஆரம்பிப்பாங்க. லைவ் ஓடலைன்னாலும் பரவால்ல, பைனாகுலர்ல பேட பாத்துட்டே இருங்க, சுமார் 20 நிமிஷம் இருக்கறப்ப குப்புனு ஒரு பெரிய வெள்ளை ஆவி பக்கவாட்டுல வெளிய வரும், பழகினவங்க அத பாத்துட்டுத்தான் "வேலை நடக்குது"ன்னு எழுந்து நிப்பாங்க. நாலு அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப ராக்கெட்ட புடிச்சுட்டு இருக்குற டவர் லேசா பின்னாடி சாயும். இதுக்கு மேல போன கீழ வெச்சுடுங்க, கூட்டத்துல நெட்வொர்க் திணறும், லைவ் ஸ்ட்ரீமும் பல செகண்டு பின்தங்கி வரும், நீங்க போன்ல 10, 9ன்னு எண்ணிட்டு இருக்கறப்ப எதிர்ல ராக்கெட் கிளம்பிடும். போன் கடிகாரத்துல செகண்டோட டைம் வெச்சுட்டு வானத்த பாருங்க.

ராத்திரின்னா மொதல்ல அடிவானத்துல ஆரஞ்சு வெளிச்சம் பொங்கும், ஆத்து தண்ணி முழுக்க அந்த கலர், சுத்தி நிக்கிறவங்க முகமெல்லாம் தெரியும், ஆனா சத்தம் சுத்தமா இருக்காது. 20 கிமீ தள்ளி நின்னா சத்தம் வந்து சேர ஒரு நிமிஷம் ஆகும், அதுக்குள்ள ராக்கெட் பாட்டுக்கு ரொம்ப மேல போயிருக்கும். அப்புறம் உறுமலா ஆரம்பிச்சு, தூரத்து கல்யாண வீட்ல பத்தாயிரம்வாலா கொளுத்தின மாதிரி படபடன்னு வரும், நெஞ்சுல அதிரும். ரெண்டரை நிமிஷம் கிட்ட முதல் பகுதி கழண்டுக்கும். ஸ்டேஷன் லான்ச் எப்பவும் வடகிழக்கா, அமெரிக்க கடற்கரைய ஒட்டியே போகும்ங்கறதால ராத்திரில கரோலினா பக்கம் இருக்குறவங்களும் அவங்க ஊர்லேருந்தே ஒரு புள்ளியா பாக்கலாம். விடியறதுக்கு கொஞ்சம் முன்னாடி இல்ல சூரியன் மறைஞ்ச கொஞ்ச நேரத்துல லான்ச் வந்தா விடவே விடாதீங்க, மேல வெயில் பட்டு புகை முழுக்க ஜெல்லி மீன் கணக்கா விரிஞ்சு ஜொலிக்கும்.

பூஸ்டர், அதாவது அந்த கழண்ட முதல் பகுதி, தரைக்கு திரும்புதா இல்ல கடல்ல நிக்கிற கப்பல்ல இறங்குதான்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க. தரைக்குன்னா கிளம்பின எட்டு நிமிஷத்துல வந்து இறங்கும், இறங்கின பிறகுதான் டமால் டமால்னு வெடிச்சத்தம் வந்து சேரும், கைக்குழந்தை இருந்தா காத பொத்திக்கோங்க.

போட்டோ எடுக்கணும்னு ஆசைப்படுறவங்களுக்கு, ராத்திரில ட்ரைபாட் போட்டு ஐஎஸ்ஓ 100, எஃப் 11 இல்ல 16, ஷட்டர ரெண்டு மூணு நிமிஷம் திறந்து விட்டா ராக்கெட் போன பாதை ஒரே கோடா விழும், ஃபோகஸ வெளிச்சத்துலயே மேனுவலா செட் பண்ணி வெச்சுடுங்க. போன் மட்டும் இருந்தா ஒரு இடத்துல சாய்ச்சு வெச்சு வீடியோ ஆன் பண்ணிட்டு விட்டுடுங்க, ஜூம் பண்ணாதீங்க, கேமராகாரங்க நல்ல நல்ல படம் எடுத்து போடுவாங்க, முதல் தடவை கண்ணால பாருங்க.

முடிஞ்ச உடனே காருக்கு ஓடாதீங்க, எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புவாங்க. ஒரு மணி நேரம் உக்காந்து மிச்ச சோத்த சாப்ட்டுட்டு கிளம்பினா ரோடு காலியா இருக்கும்.

ஊர்லேருந்து லைவ்ல பாக்குறவங்க டைம் மாத்துறப்ப கவனம், கோடையில ஃப்ளோரிடா டைமோட ஒன்பதரை மணி நேரம் கூட்டணும், நவம்பர்லேருந்து மார்ச் வரைக்கும் பத்தரை. 2025 ஆகஸ்ட் 24 சிஆர்எஸ் 33 அங்க விடிகாலை 2.45க்கு போச்சு, நம்ம ஊர்ல அது மத்தியானம் 12.15. அதுல போன டிராகன் (ஸ்பேஸ்எக்ஸோட கார்கோ விண்கலம்) ஸ்டேஷன்ல போய் சேர ஒரு நாளுக்கு மேல ஆச்சு. டிராகன் தானாவே போய் ஒட்டிக்கும், சிக்னஸ்னா ஸ்டேஷனோட ரோபோ கை எட்டிப் புடிக்கும், ரெண்டையும் நாசா லைவா காட்டுறாங்க, ரோபோ கை புடிக்கிறதுதான் பாக்க சுவாரஸ்யம்.