குடிக்கிற அப்பா இருக்கும் வீட்டில் பிள்ளையைக் காப்பது

கம்பம், கூடலூர் பக்கம் விடியுமுன் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலத்தோட்டத்துக்குப் போகிற அம்மாக்கள் முதலில் அடைக்க வேண்டிய ஓட்டை, பள்ளி விடுவதற்கும் அவர்கள் வீடு திரும்புவதற்கும் நடுவிலான நேரம். அந்த நேரத்தில் பிள்ளை போதையில் இருக்கும் அப்பாவோடு தனியாக இருக்கக் கூடாது. நேராகப் போய் உட்கார ஒரு பாட்டி வீடோ அக்கா வீடோ பேசி வையுங்கள். மாற்றுத்துணி, ரேஷன் கார்டு நகல், கொஞ்சம் பணம் அங்கேயே இருக்கட்டும்.

“அப்பா குடிச்சிருக்காரா, பார்த்துட்டு வா” என்று மூத்தவளை அனுப்பாதீர்கள். பைக் சத்தத்தை வைத்தே அன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று கணிக்கிற பிள்ளை அவள். தம்பிக்குச் சோறு ஊட்டி, அம்மாவைச் சமாதானப்படுத்தி, படிப்பைக் கோட்டைவிடுவாள். “இது அப்பாவுக்கு வந்திருக்கிற நோய், உன்னால வந்ததில்ல” என்று வாய்விட்டே சொல்லுங்கள். சொல்லாவிட்டால் தன் மேல்தான் தப்பு என்று நினைத்துக்கொள்ளும்.

போதையில் இருப்பவரிடம் நியாயம் பேசிப் பயனில்லை. மறுநாள் காலையில், நடந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: “நேத்து நீங்க தட்டை எறிஞ்சப்ப சின்னவன் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டான்.” பழைய கணக்கையெல்லாம் சேர்த்து இழுத்தால் பேச்சு சண்டையாகி, அதுவே சாயங்காலம் குடிக்கக் காரணமாகிவிடும்.

தினமும் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரே நாளில் நிறுத்தவே கூடாது. ஆறேழு மணி நேரத்தில் கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கும். 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் இல்லாத உருவம் தெரிந்து பிதற்றினால் உயிருக்கே ஆபத்து, உடனே 108. கார்த்திகையில் மாலை போட்டதும் நிறுத்துகிறவர்களுக்கும் இதே கதைதான். மாலைக்கு முன்பே அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் காட்டி, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

குழம்பில் தெரியாமல் கலக்கும் மாத்திரை வேண்டவே வேண்டாம். அப்படிக் கலக்கப்படும் டைசல்பிரம் என்ற குடி நிறுத்தும் மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் வாந்தி வரும், ரத்த அழுத்தம் விழும், சாவுகூட நேரலாம். அவருக்குச் சொல்லி, மருத்துவர் பார்வையில் தர வேண்டிய மருந்து அது.

கேரளப் பக்கம் வசிப்பவர்கள் கேரள அரசின் போதை ஒழிப்புத் திட்டமான விமுக்தியின் 14405-ஐ அழைக்கலாம். தமிழ்நாடு, கேரளம் இரு பக்கமும் போதை மீட்பு உதவிக்கு 14446. அடி விழுந்தால் 181, பிள்ளைக்கு ஆபத்தென்றால் 1098.

அவர் நிறுத்திய பிறகும் பிள்ளை உடனே ஒட்டாது. “அப்பாகிட்ட போ” என்று தள்ளாதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் அவர் பள்ளிக்குக் கொண்டுபோய் விடட்டும். பல மாதம் தவறாமல் விடட்டும்.